பொதுவாக யாரும் தனியாக இல்லை

இறந்த கணவரின் பெயரைக் குடியிருப்புப் பதிவிலிருந்து நீக்கிய அன்றே செண்பகவல்லி வீட்டுக் குழாயில் தண்ணீர் நின்றுவிட்டது. பராமரிப்புப் பொறியாளர் இளம்பரிதியிடம் போய்க் கேட்டாள்.

"மென்பொருள் தொகையீடுன்னு ஒரு கணக்கு போட்டுத்தான் தண்ணிய பிரிக்குதும்மா. வீட்டு ஆளுங்க எண்ணிக்கையில ஒண்ணைக் கழிச்சு, அதால வகுக்கும். நீங்க ஒருத்தர்தான். பூஜ்யத்தால எப்படி வகுக்கும்?"

"அப்போ தனியா இருக்கறவங்க?"

"அதுக்கு வேற சூத்திரம் இருந்துச்சு. ஒவ்வொரு வீடா சோதிக்க நேரமாகுதுன்னு எடுத்துட்டாங்க. பொதுவா யாரும் தனியா இல்லைன்னு வச்சுக்குது. ஐயா பேரைத் திரும்பச் சேர்த்துடுங்க."

சேர்த்தாள். தண்ணீர் கொட்டியது.

அடுத்த வாரம் அதே மென்பொருள் வீட்டுச் சுவர்த்திரை வழியாகக் கனிவாகக் கேட்டது: "உங்கள் கணவர் சில நாட்களாகக் குளிக்கவில்லை. வீட்டில் ஏதாவது மனத்தாங்கலா?"

மறுநாள் காலை செண்பகவல்லி அவருக்கு வெந்நீர் போட்டாள்.