முப்பத்துநாலு முகங்கள்

"செத்துப்போன என்ரை ஐயாவின்ரை படத்தைக் கொண்டுவா எண்டு என்ரை பொடியனிட்டை ஏன் ரீச்சர் கேட்டனீங்கள்?"

சித்திர அறையின் வாசலில் நின்றபடியே லூர்த்தம்மா கேட்டாள். குருநகரிலிருந்து வேகாத வெயிலில் நடந்து வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை. காலையில் வீட்டுச் சுவரைப் பார்த்தபோது ஆணி மட்டும் இருந்தது, தகப்பனின் படத்தைக் காணவில்லை. மகன் சிமியோனை உலுக்கிக் கேட்ட பிறகுதான், சித்திர ரீச்சரிடம் கொண்டுபோய்க் கொடுத்ததாக ஒப்புக்கொண்டான்.

கனகாம்பிகை ரீச்சர் தூரிகையைத் தகரப் பேணிக்குள் போட்டாள்.

"உள்ளை வாங்கோ அக்கா. படம் பத்திரமா இருக்கு. பாத்துப்போட்டுத் தாறன் எண்டுதான் வாங்கினனான்."

"நான் இருக்க வரேல்லை. சிமியோனைப் படம் கீறுறியளாம், உண்மையோ?"

"ஓம். அவனை மட்டுமில்லை, பத்தாம் வகுப்பிலை இருக்கிற முப்பத்துநாலு பேரையும். பள்ளிக்கூடம் விட்ட பிறகு ஒவ்வொருத்தனா இருத்திக் கீறுறன். சிமியோன்தான் கடைசி."

"ஆரைக் கேட்டுக் கீறுறியள்?"

"ஆரையும் கேக்கேல்லை."

லூர்த்தம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த ரீச்சரின் கை அவளுக்குத் தெரியாததா? செத்தவரின் அடையாள அட்டையில் இருக்கிற சின்னப் படத்தைக் கொடுத்தால் போதும், முப்பத்தோராம் நாள் நினைவுக்குள் பெரிதாகக் கீறிக் கொடுத்துவிடுவாள். போன ஆடியில் கடலுக்குப் போன தோணி வெறுமையாகக் கரைக்கு வந்தபோது, மூத்தவன் கனிசியசின் அட்டையோடு லூர்த்தம்மாவும் இதே வாசலில் வந்து நின்றவள்தான்.

"மூத்தவனைக் கீறித் தந்தனீங்கள். மாலை போட்டு வைச்சிருக்கிறன். அது காணாதோ? இவன் உயிரோடை இருக்கிறான் ரீச்சர்!"

"அதுதான் அக்கா கீறுறன்."

"சனம் என்ன கதைக்குது தெரியுமோ? செத்தவையைக் கீறச் சொல்லி ஆர் வந்து கேட்டாலும் இப்ப ஏலாது எண்டு திருப்பி அனுப்புறியளாம். உயிரோடை இருக்கிறதுகளை இருத்தி வைச்சுக் கீறுறியளாம். தேவைப்படேக்கை அந்தரப்படாமல் எடுத்துக் குடுக்க, முன்கூட்டியே கீறி அடுக்குறா எண்டு சந்தையிலை கதைக்கினம்."

"கதைக்கட்டும். பள்ளிக்கூட அதிபரும் கூப்பிட்டு நிப்பாட்டச் சொன்னவர். நான் நிப்பாட்டேல்லை."

"உங்களுக்கென்ன விசரோ?"

"இருக்கும். போன வருசம் ஒன்பது பேரைக் கீறினனான். ஒன்பதும் என்னட்டைப் படிச்ச பொடியள். இனி என்ரை கை அந்த வேலைக்கு வராது."

ஆமிக்காரர் இருக்கும் கோட்டைப் பக்கம் ஒரு வெடி கேட்டது. இருவரும் பேச்சை நிறுத்திக் காதுகொடுத்தார்கள். இரண்டாவது கேட்கவில்லை. லூர்த்தம்மா விட்ட இடத்திலிருந்தே தொடங்கினாள்.

"செத்த மனிசன்ரை படத்தைப் பக்கத்திலை வைச்சுக்கொண்டு உயிரோடை இருக்கிறவனைக் கீறுறது என்ன பழக்கம்?"

"மற்றப் பொடியளும் வீட்டிலை இருந்து படம் கொண்டுவந்து தந்தவங்கள் அக்கா. ஒருத்தற்றை படத்துக்கும் ஒண்டும் நடக்கேல்லை."

"படத்துக்கு என்ன நடக்கப்போகுது? பொடியனுக்கு நடந்தால்?"

சுவரோரம் கட்டியிருந்த கயிற்றில் தாள்கள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பியபடி தொங்கின. எல்லாம் கீறி முடியும்வரை ஒருவருக்கும் காட்டமாட்டாவாம், கீறப்பட்டவனுக்குக்கூடக் காட்டமாட்டாவாம் என்று சிமியோன் சொல்லியிருந்தான். ரீச்சரின் விரல் பத்திலும் வெள்ளை நிறம் அப்பியிருந்தது. பிரேதத்துக்குப் பவுடர் பூசிவிட்டு வந்த கை மாதிரி!

"எங்கை அவன்ரை? எடுங்கோ. கிழிச்சுப்போட்டுப் போறன்."

"இன்னும் காயேல்லை."

"காயாதது கிழிக்க லேசு."

ரீச்சர் மேசைக்குப் போனாள். பலகையில் குத்தியிருந்த தாளைப் பலகையோடு தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"கிழியுங்கோ. பெத்தனீங்கள், உரிமை இருக்கு. ஆனால் நாளைக்குத் திரும்பவும் அவனை இருத்திக் கீறுவன். அதையும் கிழிச்சால் நாளையிண்டைக்கும் கீறுவன். எத்தினை தரம் கிழிப்பியள் எண்டு நானும் பாக்கிறன்."

"எனக்குச் சவாலோ?"

"ஓம், சவால்தான். பாத்துப்போட்டுக் கிழியுங்கோ."

பலகையை அவள் பக்கம் திருப்பினாள்.

லூர்த்தம்மா ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது.

தாளில் ஒரு கிழவன் இருந்தான். கன்னம் ஒட்டி, தலை வெளுத்து, காதோரம் பஞ்சு மாதிரி மயிர். வாயில் மூன்றே மூன்று பல்லை வைத்துக்கொண்டு சிரித்தான். தன்னுடைய ஐயாதான் என்று முதலில் நினைத்தாள். பிறகு இடது புருவத்தைக் கண்டாள். நாலு வயதில் தோணி விளிம்பில் அடிபட்டுச் சிமியோனுக்கு வந்த தழும்பு, அந்தச் சுருக்கங்களுக்கு நடுவில் அப்படியே இருந்தது.

ரீச்சர் கயிற்றில் கிடந்தவற்றை ஒவ்வொன்றாகத் திருப்பிக்கொண்டு போனாள். மொட்டைத் தலை. சோடாப் போத்தல் கண்ணாடி. பொக்கை வாய்.

"எல்லாருக்கும் எழுபது வயசு அக்கா. முப்பத்துநாலு பேரிலை ஒருத்தனுக்கும் ஒரு வயசு குறைச்சுப் போடேல்லை."

லூர்த்தம்மா சீலைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்துவிட்டு, ஈரம் காயாத அந்தக் கிழவனுக்கு நேரே விரலை நீட்டினாள்.

"எழுபது காணாது ரீச்சர். இவனுக்கு இன்னும் ஒரு பத்து வயசு கூட்டிக் கீறுங்கோ."