கணுக்காலைப் பிடித்த கை

20 ஆகஸ்ட் 2024, செவ்வாய்.

இன்று ஒரு தவறு செய்தேன். எக்ஸ்ரே எடுக்கும்போது ஜான்சனின் கால் அசையாமலிருக்க மணல்பை வைக்க மறந்துவிட்டேன். எக்ஸ்ரே பயிற்சிக்குப் போகும் மாலை வகுப்பில் முதலில் சொல்லித் தந்ததே அதுதான்.

ஜான்சன் கேளம்பாக்கத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். பல மாதங்களாக வலது முழங்காலுக்குக் கீழே வலி. போன இடமெல்லாம் சுளுக்கு என்று மாத்திரை கொடுத்திருக்கிறார்கள்.

"கால் நடுங்கிகினே கீதுக்கா. படம் டான்ஸ் ஆடப்போவுது," என்று சிரித்தான்.

நான் வெளியே வந்து கதவைச் சாத்திப் பொத்தானை அழுத்தினேன். உள்ளே அவன் மட்டும்தான் இருந்தான்.

படம் துளியும் கலங்கவில்லை. கணுக்காலைச் சுற்றி ஒரு கையின் விரல் எலும்புகள் தெரிந்தன.

டாக்டர் சம்சாத் பேகம் திரையருகே குனிந்தார். "கால யாரும்மா புடிச்சது?"

"யாருமில்ல மேடம்."

அவர் பார்வை மேலே போனது. எலும்பின் நடுவே சோப்பு நுரைபோல ஓர் இடம்.

"இது சுளுக்கில்ல மஹீரா. கட்டி மாதிரி இருக்கு, ரொம்ப அபூர்வமானது. அதுலேர்ந்து ஒரு துணுக்கு எடுத்து டெஸ்ட் பண்ணிப் பாத்துடலாம். படம் கொஞ்சம் கலங்கியிருந்தா நானும் கவனிக்காம விட்டிருப்பேன். இப்பவே தெரிஞ்சதால கால காப்பாத்த முடியும். நல்லா எடுத்திருக்க."

பஸ்ஸில் வரும்போது பெருமையாக இருந்தது. அதில் பாதி என்னுடையதில்லை என்றும் தோன்றியது.

நாளை காலை ஜான்சனுக்குப் பக்கவாட்டுப் படம் எடுக்க வேண்டும். நோயாளியைப் பிடித்துக்கொள்பவர் கதிர் படாமலிருக்க ஈய உடுப்பு போட வேண்டும் என்பது விதி. ஓர் உடுப்பைத் துடைத்து மேசையருகே மாட்டிவைக்க வேண்டும்.