வயரை விட்டுடாதீங்க

“முழுசா உள்ள போங்க. தலையை மட்டும் நீட்டினா ஓட்டை தெரியுமா?”

கணவர் கம்ப்யூட்டர் மேஜைக்கு அடியில் முழுசாகப் போனார். போன வேகத்தில் தலை பலகையில் மடாரென்று இடிக்க, அங்கே சேர்ந்திருந்த தூசியெல்லாம் வழுக்கையில் கொட்டியது.

மனைவி அதைக் கண்டுகொள்ளவில்லை. இஸ்திரி மடிப்புக் கலையாத புடவையில் கண்ணாடி முன்னால் நின்று பதில்களை ஒப்பித்துக்கொண்டிருந்தாள். நாலு மணிக்கு வீடியோவில் கூப்பிடுவார்கள். முழிக்கக் கூடாது, திக்கக் கூடாது, கேட்டதும் பட்டென்று பதில் வர வேண்டும் என்று தோழி படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

ஏற்கெனவே இரண்டு தடவை தள்ளிப்போன விஷயம். இன்றைக்குத் திரையில் முகம் தெரியாவிட்டால் இனி ஆறு மாதம் கழித்துத்தான்.

சொல்லி வைத்தது போல, காலையில் இடித்த இடியில் நல்ல ரவுட்டர் மண்டையைப் போட்டுவிட்டது. கம்பெனிக்காரன் நாளைக்கு வருகிறேன் என்று கைகழுவினான். செல்போன் சிக்னல் அந்தக் குடியிருப்பில் மொட்டை மாடியோடு நின்றுவிடும், வீட்டுக்குள் எட்டிக்கூடப் பார்க்காது. பரணில் கிடந்த பழைய ரவுட்டரை விட்டால் வேறு கதியில்லை.

“உங்களால முடியலன்னா சொல்லிடுங்க. பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடறேன்.”

“யாரு, அந்த அதிமேதாவியையா? சும்மா இரு. இன்னைக்கு இது நடந்தே ஆகணும். உன்னைவிட எனக்குத்தான் அவசரம்.”

டிரைவிங் மாஸ்டர் அவர். எத்தனையோ பேருக்கு கியர் போடக் கற்றுக்கொடுத்தவருக்கு, ஒரு பிளாஸ்டிக் டப்பாவிடம் தோற்க மனசு வரவில்லை. வெளியே வந்து, சோபாவில் கிடந்த தன் தலையணையையும் போர்வையையும் ஓரமாகத் தள்ளிவிட்டு, டப்பாவை மல்லாக்கப் போட்டு, அவளுடைய கொண்டை ஊசியால் ரீசெட் ஓட்டையில் ஒரு குத்து குத்தினார். எல்லா விளக்குகளும் அணைந்து மறுபடி எரிந்தன. ஒன்று மட்டும் சிவப்பிலேயே நின்றது.

“வெளியிலேருந்து வர்ற வயரை எதுல சொருகினீங்க?”

“இதோ, இதுல.”

“அது கம்ப்யூட்டருக்குப் போறது. தனியா வேற கலர்ல ஒண்ணு இருக்கே, அதுதான் வெளி வயருக்கு. உங்ககிட்ட வண்டி கத்துக்கிறவங்கெல்லாம் எப்படித்தான் உசுரோட வீட்டுக்குப் போறாங்களோ!”

பதில் சொல்ல வாய் துறுதுறுத்தது. நேரமில்லாததால் விழுங்கிக்கொண்டு, டப்பாவோடு மறுபடி மேஜைக்கு அடியில் நுழைந்து வயரை மாற்றினார்.

அடுத்து பாஸ்வேர்டு. டப்பாவின் அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் அரைகுறையாக அழிந்திருந்தது. செல்போன் லைட்டை அடித்து அவர் ஒவ்வொரு எழுத்தாகப் படிக்க, அவள் மேலே உட்கார்ந்து தட்டினாள்.

“கடைசில எட்டு.”

“தப்புன்னு வருதே.”

“அப்ப ஆறு.”

“அதுவும் தப்பு. கண்ணாடிக் கடையில வேலை பார்க்கிறவ நான். எடுத்துட்டு வந்து குடுத்த கண்ணாடியைப் போட்டாத்தானே!”

“மூணு போட்டுப் பாரேன்.”

மூன்று சரியாக இருந்தது. சிவப்பு மினுமினுத்துப் பச்சையானது. “வந்துருச்சு!” என்று இருவரும் ஒரே குரலில் கத்தினார்கள். சந்தோஷம் தாங்காமல் அவள் அவர் தோளில் ஓங்கி ஒரு தட்டு தட்டினாள். அவர் ஏதோ கப்பலையே கரையேற்றிய பெருமையோடு வெளியே தவழ்ந்து வந்தார்.

பச்சை விளக்கு அணைந்தது.

வயர் முனையில் இருக்க வேண்டிய குட்டிக் கொக்கி எப்போதோ உடைந்து போயிருந்தது. கையால் அழுத்திப் பிடித்தால் நெட் வந்தது, விட்டால் ஓடிப்போனது. டேப் ஒட்டிப் பார்த்தார், ஒட்டவில்லை. ரப்பர் பேண்டைச் சுற்றினார், பட்டென்று அறுந்து அவர் மூக்கிலேயே அடித்தது. மணி நாலாகப் போவதைப் பார்த்து அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

“அழுது மூஞ்சியைக் கெடுத்துக்காதே. நான் பிடிச்சுக்கறேன், நீ பேசு.”

“முடியற வரைக்குமா?”

“முடியற வரைக்கும்.”

மனிதர் மறுபடி மேஜைக்கு அடியில் போய், முட்டியில் முகவாய் இடிக்கச் சுருண்டு உட்கார்ந்து, இரண்டு விரலால் வயரை அழுத்திக்கொண்டார். கழுத்து பிடித்துக்கொண்டது. இடது கால் மரத்தே போய்விட்டது.

திரை உயிர்பெற்றது. கண்ணாடி போட்ட பெரியவர் ஒருவர் எட்டிப் பார்த்தார்.

“கேக்குதாம்மா?”

“நல்லா கேக்குதுங்க ஐயா.” சிரித்த முகம் மாறாமல், கால் கட்டைவிரலால் கணவரின் விலாவில் ஓர் இடி இடித்து, “வயரை விட்டுடாதீங்க” என்று பல்லிடுக்கில் முணுமுணுத்தாள்.

அவர் விடவில்லை. மூக்கில் ஏறிய தூசிக்கு வந்த தும்மலைக்கூடக் கண் பிதுங்க அடக்கிக்கொண்டார்.

“பதட்டப்படாம சொல்லுங்கம்மா. என்ன காரணம்?”

அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

“இந்த மனுஷன் எனக்காக ஒரு துரும்பைக்கூடக் கிள்ளிப் போட்டதில்லைங்க, விவாகரத்து குடுத்துருங்க ஐயா!”