வேண்டாததை அடிக்கவும்

மாணவர் பெயர் என்ற இடத்தில் அவன் தன் பெயரை எழுதிவிட்டான்.

திருமூர்த்தி. இனிஷியலோடு. நல்ல கையெழுத்தில்.

மகள் பேனாவைப் பிடுங்கினாள்.

"அப்பா! அங்க எம்பேரு எழுதோணும்."

அவளுக்குப் பதினான்கு வயது. ஒன்பதாம் வகுப்பு. கொரோனாவுக்காகப் பள்ளியை மூடிப் பதினொரு மாதம். சீருடையின் கை முழங்கைக்கு ஏறியிருந்தது.

வராந்தாவில் இருபது பெற்றோர். தரையில் சுண்ணாம்பு வட்டங்கள். வட்டத்துக்கு ஒருவர் என்று சொல்லியிருந்தார்கள். வட்டத்தில் செருப்பை விட்டுவிட்டு எல்லோரும் நிழலில் கூட்டமாக நின்றார்கள்.

எல்லோர் கையிலும் அதே தாள். சம்மதக் கடிதம்.

பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப சம்மதிக்கிறேன் / சம்மதிக்கவில்லை. வேண்டாததை அடிக்கவும். சம்மதிக்காதவர்களின் பிள்ளைக்குப் பழையபடி போனில் பாடம்.

சம்மதிக்கவில்லை என்பதை அடித்த வேகத்தில் சிலருக்குத் தாள் கிழிந்தது. பதினொரு மாதம் பிள்ளையை வீட்டில் வைத்திருந்தவர்கள்.

"ஞாயித்துக்கெழமையும் வெச்சுக்குவீங்களா டீச்சர்?" என்று ஓர் அம்மா கேட்டார். கிண்டல் போலத் தெரியவில்லை.

அவன் புதுத் தாள் கேட்க வேண்டும். வெட்கமாக இருந்தது.

தப்பு அவனுடையது மட்டுமல்ல.

வீட்டில் ஒரே போன். அவனுடையது. நூல் மில்லில் இரவுக் காவல். எட்டரைக்கு வீடு. ஒன்பதுக்குக் கணக்கு வகுப்பு. டீச்சர் பேசுவார். பிள்ளைகள் பதில் டைப் செய்ய வேண்டும்.

முதல் வாரம் மகள் உட்கார்ந்தாள். இரண்டாம் வாரம், "செத்த பாத்துக்கப்பா" என்று போனை அவன் கையில் கொடுத்துவிட்டுத் தூங்கப் போனாள்.

பார்த்துக்கொண்டான். அவன் வேலையே அதுதான்.

முதலில் போனைப் பார்த்தான். பிறகு பாடத்தைப் பார்த்தான். பிறகு பதில் டைப் செய்தான். மகள் பெயரில். வகுப்பிலேயே முதல் ஆளாக.

அவன் ஒன்பதாவதோடு நின்றவன். இதே கணக்கால். அப்போது ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. இப்போது ஏறியது. இடையில் யாரும் அவனை அடிக்காதது காரணமாக இருக்கலாம்.

போன வாரம் முக்கோணவியல். முப்பது பாகை முடிந்தது. நாற்பத்தைந்தும் முடிந்தது.

அறுபதை நேரில் பார்த்துக்கொள்ளலாம் என்று டீச்சர் சொல்லிவிட்டார்.

நேரில் என்றால் அவனுக்கு இல்லை.

ஒன்பதாவதில் இரண்டாவது முறையாக நிற்கப் போகிறான்.

வரிசை நகர்ந்தது. மேசைக்குப் பின்னால் முகக்கவசத்தோடு ஓர் அம்மா. குரலை வைத்துத்தான் கணக்கு டீச்சர் என்று தெரிந்தது. காய்ச்சல் பார்க்கும் கருவியை அவன் நெற்றிக்கு நேராகப் பிடித்தார்.

மில் வாசலில் தினமும் ஐந்நூறு நெற்றிக்கு அதைப் பிடிப்பவன் அவன். இங்கே கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

டீச்சர் தாளை வாங்கினார். பெயரைப் படித்தார். மகளைப் பார்த்தார்.

"சௌபர்ணிகா, சைன் நாப்பத்தஞ்சு எத்தன?"

மகள் கூரையைப் பார்த்தாள். அங்கே ஒரு பல்லி இருந்தது. அதற்கும் தெரியவில்லை.

ஒன்று பை ரூட் இரண்டு. அவன் கட்டைவிரல் தானாக, சட்டைப் பையில் இருந்த போனைத் தேடிப் போனது.

டீச்சர் அந்த விரலைப் பார்த்தார்.

"ஏனுங்க, உங்கள மாத்தி உடற ஆளு இப்பவாச்சும் நேரத்துக்கு வர்றாருங்களா?"

புரியக் கொஞ்ச நேரம் ஆனது.

டிசம்பரில் ஒருநாள் காவலுக்கு அடுத்த ஆள் வராததால் வகுப்புக்குத் தாமதமாகப் போனான். காரணம் டைப் செய்தான். 'மாத்தி விட ஆள் வரலீங்க டீச்சர்.' மகள் பெயரில்.

தினமும் காலையில் ரோஜாப்பூப் படம் அனுப்பியது ஞாபகம் வந்தது. 'சாப்டீங்களா டீச்சர்' என்று கேட்டதும் ஞாபகம் வந்தது. உலகத்தில் எந்த ஒன்பதாம் வகுப்பும் கணக்கு டீச்சரிடம் அதைக் கேட்டதில்லை.

காது சுட்டது. நல்லவேளை, காய்ச்சல் பார்த்து முடித்திருந்தார்கள்.

பின்னால் ஒருவர் குரல் கொடுத்தார். "என்னுங்க, காடு கரையவா எழுதிக் குடுக்கறீங்க? ஒரு கையெழுத்து. போட்டுட்டு நகருங்க."

டீச்சர் புதுத் தாள் ஒன்றை எடுத்து மகளிடம் கொடுத்தார். பழையதைக் கிழிக்கவில்லை. மேசையிலேயே வைத்தார்.

மகள் புதுத் தாளில் தன் பெயரை எழுதினாள். அவன் சம்மதிக்கவில்லை என்பதை அடித்தான். கையெழுத்துப் போட்டான்.

முடிந்தது. போகலாம்.

மகள் நகரவில்லை. அவன் முகத்தைக் கொஞ்சம் பார்த்தாள். அவன் பல்லியைப் பார்த்தான்.

அவள் பழைய தாளைத் தன் பக்கம் இழுத்தாள். சம்மதிக்கிறேன் என்பதை அடித்தாள். இரண்டு கோடு.

பெற்றோர் அல்லது பாதுகாவலர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.

மாணவருக்கு என்ன உறவு என்று கேட்டிருந்தது. யோசித்தாள். மகள் என்று எழுதினாள்.

டீச்சர் இரண்டையும் படித்தார். முகக்கவசத்துக்கு மேலே ஒன்றும் தெரியவில்லை.

புதுத் தாளை வலப்பக்கக் கட்டின் மேல் வைத்தார். அந்தக் கட்டு ஒரு சாண் உயரம்.

பழையதை இடப்பக்கம் வைத்தார். போனில் படிப்பவர்களுக்கான இடம்.

அதுவரை அங்கே ஒரு தாள்கூட இல்லை.