ஈரப் பெயின்ட்

கற்பிட்டியில் மத்தியான வெயில் மணலில் கொதிக்கிறது. பங்களாதேசில் மருத்துவம் படித்துவிட்டு வந்த பஸீஹா, இலங்கையில் தொழில் செய்யப் பதிவுப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கிறாள். வாப்பாவுக்குப் பொறுமையில்லை, 'டொக்டர் பஸீஹா' என்று நீலப் பெயின்டில் எழுதிய பலகையை வாசலில் சாத்திக் காயவைத்திருக்கிறார். அதைக் கண்டுதான் மீன் விற்கும் ஜவ்பர், காய்ச்சலில் வலிப்பு வந்த மகளைத் தூக்கிக்கொண்டு, பலகையில் இடித்தபடி ஓடிவருகிறார். "ஊசியொண்டு போடுங்க டொக்டர்!" "நான் இன்னும் டொக்டர் இல்ல, ஜவ்பர் நானா. ஆஸ்பத்திரிக்குப் போவம்." "அப்ப போர்ட்ல போட்டிருக்கே?" அவள் பிள்ளையை வாங்கிப் பக்கவாட்டில் சரித்துப் பிடிக்கிறாள். சின்ன விரல்கள் இன்னும் வெட்டி இழுக்கின்றன. வாப்பா ஓட்டோவைக் கிளப்புகிறார். முதலில் ஏறும் ஜவ்பரின் தோளில் நீலப் பெயின்ட் அப்பியிருக்கிறது. அவள் வாசலைத் திரும்பிப் பார்க்கிறாள். பலகையில் 'டொக்டர்' அழிந்து, பஸீஹா மட்டும் நிற்கிறது.