போட்டோவுல இருந்த பை

உணவு வங்கின்னு ஆரம்பிச்சதுமே கைக்குட்டைய எடுத்துட்டீங்களா? பசிச்சவங்களுக்கு அரிசி கெடச்சுது, எல்லாரும் கையெடுத்துக் கும்பிட்டாங்க, சுபம்னு முடிப்பேன்னுதான பாக்குறீங்க? அதான் இல்ல. இது ஒரு குடிகாரன் கதை. அதுவும் செத்துப்போன குடிகாரன்.

பெருமாள்மலை முக்கு. தூறல்ல பொம்பளைங்க வரிசையா நிக்கிறாங்க. எஸ்டேட்டுல வேலை நின்னு ரெண்டு மாசம். ஒட்டன்சத்திரத்துல இருந்து உணவு வங்கி வண்டி இன்னிக்குத்தான் மொத தடவையா மலையேறி வந்திருக்கு. அரிசி, பருப்பு, மார்க்கெட்டுல மிஞ்சுன காய். ஆளுக்கு ஒரு பச்சைப் பை.

வண்டியோட பக்கவாட்டுல பெரிய பேனர். அதுல அழகன். பச்சைப் பைய நெஞ்சோட அணைச்சுக்கிட்டு அத்தனை பல்லும் தெரியச் சிரிக்கிறான்.

வரிசையில நின்ன மாயக்காள் குனிஞ்ச தலை நிமிரல. புருஷன் மொகத்தப் பாக்கவே அவளுக்குப் பிடிக்கல.

"பாத்தியா மாயக்கா, அந்தச் சிரிப்ப?" பின்னால நின்ன அம்சவள்ளிக்கு வாய் சும்மா இருக்கல. "செத்தவனப் பேசக்கூடாதுதான். ஆனா நமக்கெல்லாம் இன்னிக்குத்தான் பை. அந்தாளுக்கு மட்டும் பதினஞ்சு நாளைக்கு முன்னாடியே கீழ ஒட்டன்சத்திரத்துல கெடச்சுது. கெடச்சு என்ன செய்ய? நேரா கொண்டுபோய்க் குவார்ட்டரா மாத்திட்டானே!"

போட்டோ எடுத்த அன்னிக்குச் சாயங்காலமே, அம்சவள்ளி போனுக்கு வந்த அந்தப் போட்டோவ மாயக்காளும் பாத்துட்டா. பாத்துட்டு அடுப்புல தண்ணியே வச்சுட்டா. அழகன் வந்து நின்னது வெறுங்கையோட.

"பை எங்கய்யா?"

"திரும்ப வாங்கிக்கிட்டாங்க புள்ள."

"குடுத்தத எவனாச்சும் திரும்ப வாங்குவானா? குடிச்சுட்டு வந்து கதை விடுறியா? பை இல்லாம வாசப்படி மிதிக்காத!"

மிதிக்கல. மறுநாள் வெள்ளனே வெறும் வயித்தோட தேனெடுக்கப் போனவன, பாறைக்கடியில இருந்து நாலு பேரு தூக்கிட்டுத்தான் வந்தாங்க. இன்னிக்கு வரைக்கும் மாயக்காள் ஒரு சொட்டு அழுகல. கோவம் அப்படி.

வரிசை நகந்து அவ முறை வந்துச்சு.

"சார், பைய அப்புறம் குடுங்க. மொதல்ல அந்தப் பேனர அவுத்துருங்க. மானம் போகுது."

பை குடுத்துக்கிட்டிருந்த ராஜமுருகன் சார் தொண்டையச் செருமுனாரு. "நாங்க என்னம்மா பண்றது? நாங்க குடுத்தோம், அவரு குடிச்சுட்டாரு. அதனாலதான் இனிமே ஆம்பளைங்க கையில பையே குடுக்குறதில்லன்னு முடிவு பண்ணிட்டோம்!"

வரிசை மொத்தமும் கை தட்டுச்சு. மாயக்காளும் சேந்து தட்டுனா.

வண்டி மேல நின்னு பை எடுத்துக் குடுத்துக்கிட்டிருந்த டிரைவர் மயில்சாமி மட்டும் தட்டல. கையில இருந்த பையக் கீழ வச்சாரு.

"எப்ப சார் குடுத்தோம்? ஒட்டன்சத்திரத்துல ரோட்டோட போன மனுசன நிறுத்தி, பேனருக்குப் போட்டோ வேணும் சிரிய்யான்னீங்க. சிரிச்சாத் தருவீங்கன்னு நெனச்சு அத்தனை பல்லையும் காட்டுனாரு. போட்டோ எடுத்து முடிச்சதும் அவரு கையில இருந்து அந்தப் பையப் பிடுங்கி வண்டியில போட்டதே நான்தான சார்!"