பச்சைத் தலை

ஞானப்பூவின் ஆண்வாத்து இறகு உதிர்த்து, பச்சைத் தலை போய்ப் பெட்டையைப் போலத் தவிட்டு நிறமானது. அதைப் பக்கத்து வீட்டு மெட்டில்டா அறுத்துத் தின்றுவிட்டு வேறொன்றை மாற்றி விட்டிருக்கிறாள் என்று தெருவே கூடித் தீர்ப்புச் சொன்னது.

"குரலைக் கேளுங்கக்கா, ஆண் வாத்து மாதிரி கரகரன்னுதானே கத்துது?" என்று மெட்டில்டா சொல்லிப் பார்த்தாள்.

"குழம்பு வாசனை எங்களுக்குத் தெரியாதாக்கும்" என்றாள் ஞானப்பூ.

அதன்பின் மெட்டில்டாவோடு யாரும் பேசவில்லை. நடுவீட்டில் தனியாக நின்று நியாயம் பேசிப் பேசியே அவள் சலித்துப்போனாள். மூன்றாம் மாதம் புது இறகு முளைத்து வாத்தின் தலை மறுபடி பச்சையாக மினுங்கியது. அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஞானப்பூ மெட்டில்டா வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"தின்னாம வச்சிருந்து திருப்பி விட்டியே, அதுவே போதும்டி. மன்னிச்சிட்டேன்."

தெருவே பெருமூச்சு விட்டது. மெட்டில்டாவுக்கு வாதாடத் தெம்பில்லை.

"சரிக்கா, இனிமே எடுக்க மாட்டேன்" என்றாள்.